மாத்தளைத் தளத்துக்கு மூன்று டெம்ப்ளேட் போதும்

மாத்தளையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். மாவட்டத்துத் தமிழ் எழுத்தாளர்கள், அவர்களுடைய நூல்கள், தோட்டங்கள், கோயில்கள் பற்றி வேர்ட்பிரஸில் ஒரு தளம் நடத்துகிறார். உயர்தர வகுப்பு மாணவர்கள் தகவல் திரட்டுகிறார்கள், அவர்களே பதிவேற்றவும் செய்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி அடுக்குவதுதான் சிக்கல். ஒரு நூலின் அட்டைப்படம் மேலே இருக்கிறது, அடுத்த நூலின் படம் அடியில் கிடக்கிறது. ஒன்றில் பதிப்பகத்தின் பெயர் உண்டு, ஆண்டு இல்லை. இன்னொன்றில் ஆண்டு உண்டு, எழுதியவர் பெயரே இல்லை. தீமுக்குள் சொந்தமாக டெம்ப்ளேட் போட்டால் இது தீருமா, அதற்குக் கோடிங் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

தீரும். கோடிங்கும் அநேகமாகத் தேவைப்படாது. ஆனால் டீச்சர், கணினியைத் திறக்கும் முன் ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். டெம்ப்ளேட் சரிவராத தளங்களில் பெரும்பாலும் நிறத்திலோ எழுத்துருவிலோ கோளாறு இருப்பதில்லை. இந்தப் பக்கம் எந்த வகை, அந்த வகைப் பக்கம் வாசகருக்கு எதையெல்லாம் சொல்லியாக வேண்டும் என்பதை முடிவு செய்யாமலே தீமுக்குள் கை வைத்திருப்பார்கள். வேலையின் பாதி அந்தக் கொப்பியில்தான் இருக்கிறது.

நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த உதாரணம் ‘நூலகம்’ இணையத்தளம். 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் எந்த நூலின் பக்கத்துக்குப் போனாலும் நூலக எண், ஆசிரியர், மொழி, வெளியீட்டாளர், ஆண்டு, பக்கங்கள் என்ற விவரங்கள் ஒரே கட்டத்தில், ஒரே வரிசையில் நிற்கும். பலர் பல ஆண்டுகளாகப் பதிவேற்றிய ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஒரே கையால் செய்தவை போல இருப்பதற்கு அந்த வரிசைதான் காரணம். அந்தத் தளம் ஓடுவது மீடியாவிக்கியில், உங்களுடையது வேர்ட்பிரஸில். இரண்டிலும் கொள்கை ஒன்றே. வடிவம் ஓரிடத்தில் இருக்கிறது, உள்ளடக்கம் வேறோரிடத்தில் இருக்கிறது. வடிவத்தை ஒருமுறை திருத்தினால் அந்த வகைப் பக்கங்கள் அத்தனையும் திருந்தும்.

முதலில் வகை, பிறகு வடிவம்

நூல், நாடகம், திரைப்படம், எழுத்தாளர், தோட்டம், கோயில், பாடசாலை என வகைக்கொரு டெம்ப்ளேட் போடும் ஆசை உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அத்தனை வேண்டாம். ஒவ்வொரு டெம்ப்ளேட்டும் நாளை யாரோ பராமரிக்க வேண்டிய ஒன்று. உங்கள் மாணவர்கள் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், அடுத்த வகுப்பு வரும். படைப்பு, எழுத்தாளர், இடம் என்று மூன்றோடு நிறுத்துங்கள்.

ஏன் ‘நூல்’ என்று வைக்காமல் ‘படைப்பு’ என்கிறேன்? மாத்தளை கார்த்திகேசுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நாவல் எழுதினார், மேடை நாடகம் போட்டார், 1980இல் வெளிவந்த ‘அவள் ஒரு ஜீவநதி’ என்ற இலங்கைத் தமிழ்த் திரைப்படத்தோடும் அவர் பெயர் சேர்ந்திருக்கிறது. ‘நூல்’ என்று வகை அமைத்துவிட்டால் அந்தப் படத்தை வைக்க இடமிருக்காது. யாராவது ஒரு மாணவர் அதை ‘செய்திகள்’ பகுதியில் போட்டுவிடுவார், கார்த்திகேசுவைத் தேடி வருபவர் கண்ணில் அது படாது. ‘படைப்பு’ என்று ஒரு வகை, அதற்குள் நூல், நாடகம், திரைப்படம் என்ற பிரிவு என்று அமைத்தால் எல்லாம் ஒரே டெம்ப்ளேட்டில் அடங்கும்.

அடுத்தது ‘தோட்டக்காட்டினிலே’ என்ற சிறுகதைத் தொகுதி. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் என்று மூன்று பேருடைய கதைகள் அதில் இருக்கின்றன. எழுதியவர் பெயரைச் சாதாரண எழுத்தாக ஒரு கட்டத்தில் தட்டச்சு செய்தால் மூன்று பெயரும் ஒரே சரமாகக் கிடக்கும். வடிவேலனின் பக்கத்துக்குப் போனால் இந்த நூல் வராது. ஆகவே எழுத்தாளரை ஒரு கட்டமாக வைக்காமல் ஒரு வகைப்பாடாக, வேர்ட்பிரஸ் மொழியில் ‘டாக்ஸோனமி’யாக, அமைக்க வேண்டும். அப்போது ஒரு படைப்புக்கு எத்தனை எழுத்தாளரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். எழுத்தாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் தானாகவே உண்டாகி, அவருடைய படைப்புகள் எல்லாம் அதில் தாமாக வந்து சேரும். அந்த எழுத்தாளரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்பை அந்த வகைப்பாட்டின் விவரணைப் பெட்டியில் எழுதினால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘மலரன்பன்’ என்று ஒரு மாணவரும் ‘மாத்தளை மலரன்பன்’ என்று இன்னொருவரும் சேர்த்தால், வேர்ட்பிரஸ் அவர்களை இரண்டு பேராகத்தான் எடுத்துக்கொள்ளும். ‘மாத்தளை சோமு’, ‘மாத்தளைச் சோமு’ என்று ஒற்று மிகுந்தாலும் கதை அதேதான். புதிய பெயர் சேர்க்கும் உரிமையை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் ஏற்கெனவே உள்ள பெயர்களிலிருந்து தெரிவு செய்யட்டும். ஆண்டையும் பதிப்பகத்தையும்கூட வகைப்பாடாகவே அமைக்கச் சொல்வேன். அதன் பயன் கொஞ்சம் கீழே தெரியும்.

இந்த வகைகளைத் தீமுக்குள் உருவாக்கக் கூடாது. தீமை மாற்றிய அன்றே அவை காணாமற்போகும். பதிவுகள் தரவுத்தளத்தில் இருக்கும், ஆனால் நிர்வாகப் பக்கத்தில் எங்கும் தெரியாது. அதைப் பார்த்து எல்லாம் அழிந்துவிட்டது என்று பதறியவர்கள் நிறையப் பேர். செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ் அல்லது அட்வான்ஸ்ட் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்ற ப்ளகினில் கோடிங் இல்லாமலே பதிவு வகையையும் வகைப்பாட்டையும் உருவாக்கலாம். அப்படிச் செய்தால் அவை தீமோடு கட்டுண்டிருக்காது. பதிவு வகையின் உட்பெயரை ஆங்கில எழுத்தில், 20 எழுத்துக்குள் வைக்க வேண்டும். திரையில் தெரியும் பெயர் தமிழில் இருக்கலாம்.

தீமுக்குள் இறங்குவது

இப்போது கணினிக்கு வாருங்கள். நிர்வாகப் பக்கத்தில் ‘தோற்றம்’ என்ற மெனுவைத் திறந்து பாருங்கள். அங்கே ‘எடிட்டர்’ என்று இருந்தால் உங்களுடையது பிளாக் தீம். ‘கஸ்டமைஸ்’, ‘விட்ஜெட்ஸ்’ என்று இருந்தால் பழைய பாணித் தீம். 2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9 முதல் பிளாக் தீம்களில் டெம்ப்ளேட்டை எலிச் சொடுக்கிலேயே உருவாக்கலாம். பழைய பாணித் தீமானால் பிஎச்பி கோப்பு எழுத வேண்டும். பாடசாலைத் தளம் ஒன்றுக்கு நான் பிளாக் தீமையே சொல்வேன். உங்களுக்குப் பிறகு வருபவர் பிஎச்பி தெரிந்தவராக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

பிளாக் தீமில், முதலில் ஒரு படைப்பையாவது முழு விவரங்களோடு பதிவிட்டுவிடுங்கள். பிறகு தோற்றம், எடிட்டர், டெம்ப்ளேட்ஸ் என்று போய்ப் புதிய டெம்ப்ளேட் சேர்க்கும் பொத்தானை அழுத்தினால், எந்த வகைக்கு என்று கேட்கும். தனிப் பதிவு என்ற வரிசையில் உங்கள் ‘படைப்பு’ தெரியும். அதைத் தெரிவு செய்தால் புதிய டெம்ப்ளேட் திறக்கும். மேலே தலைப்பகுதி, அடியில் அடிப்பகுதி இரண்டையும் ‘டெம்ப்ளேட் பார்ட்’ என்ற பிளாக்கால் இழுத்து வையுங்கள். இவற்றைப் புதிதாக வரையாதீர்கள். தளம் முழுவதற்கும் பொதுவானவை அவை, ஓரிடத்தில் திருத்தினால் எங்கும் திருந்தும்.

நடுவில் வர வேண்டியவை இவை. டைட்டில் என்ற பிளாக்கில் படைப்பின் பெயர். அதற்குக் கீழே இடப்பக்கம் அட்டைப்படத்துக்கு ஃபீச்சர்ட் இமேஜ் பிளாக், வலப்பக்கம் எழுத்தாளர், ஆண்டு, பதிப்பகம், பிரிவு ஆகிய வகைப்பாடுகள். அதன் கீழே கன்டென்ட் பிளாக். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் பக்கத்தில் தலைப்பும் படமும் இருக்கும், மாணவர் எழுதிய அறிமுகம் ஒரு வரிகூட வராது. புதிதாக டெம்ப்ளேட் போடுபவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இது.

வகைப்பாட்டைக் காட்டும் பிளாக்கில் முன்னொட்டு, பின்னொட்டு என்று இரண்டு இடங்கள் உண்டு. ‘பதிப்பகம்:’ என்ற சொல்லை முன்னொட்டில் எழுதுங்கள். தனியாக ஒரு பத்தி பிளாக்கில் எழுதினால், பதிப்பகம் தெரியாத நூல்களின் பக்கத்தில் ‘பதிப்பகம்:’ என்ற சொல் மட்டும் அநாதையாக நிற்கும். முன்னொட்டில் எழுதினால், விவரம் இல்லாதபோது அந்தச் சொல்லும் சேர்ந்து மறையும். மலையக நூல்களில் பழைய பதிப்புகள் பலவற்றுக்கு எல்லா விவரமும் கைக்குக் கிடைப்பதில்லை. அதனால்தான் ஆண்டையும் பதிப்பகத்தையும் வகைப்பாடாக அமைக்கச் சொன்னேன். இன்னொரு இலாபமும் உண்டு. 1980 என்ற ஆண்டைச் சொடுக்கினால் அந்த ஆண்டின் படைப்புகள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும்.

இரண்டாவது டெம்ப்ளேட் எழுத்தாளருக்கு. புதிய டெம்ப்ளேட் சேர்க்கும் இடத்தில் ‘எழுத்தாளர்’ வகைப்பாட்டைத் தெரிவு செய்யுங்கள். மேலே எழுத்தாளர் பெயர், அடுத்து விவரணை, அதன் கீழே படைப்புகளின் பட்டியலுக்கு ‘குவெரி லூப்’ என்ற பிளாக். இந்த பிளாக்கின் அமைப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பதிப்புகளில் ‘டெம்ப்ளேட்டிலிருந்து பெறு’ என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும், புதியவற்றில் ‘டிஃபால்ட்’, ‘கஸ்டம்’ என்று கேட்கும். சுவிட்ச் போட்டிருக்க வேண்டும், அல்லது டிஃபால்ட் தெரிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோமுவின் பக்கத்திலும் வடிவேலனின் பக்கத்திலும் ஒரே பட்டியல்தான் வரும், தளத்தில் கடைசியாகப் பதிவேற்றியவை. பக்கம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும் என்பதால் நெடுநாள் கவனிக்கப்படாமலே போய்விடும். டெம்ப்ளேட்டைச் சேமித்ததும் இரண்டு எழுத்தாளர் பக்கங்களை அருகருகே திறந்து ஒப்பிடுங்கள்.

அந்தப் பட்டியல் பதிவேற்றிய நாளின்படி வரும், நூல் வெளியான ஆண்டின்படி வராது. ஓர் எழுத்தாளருக்கு ஐந்தாறு நூல்கள் என்ற அளவில் இது பெரிய குறையில்லை. மாற்றியே ஆகவேண்டும் என்றால் சில வரி பிஎச்பி தேவைப்படும். அதற்காகப் பதிவின் தேதியை 1980க்குப் பின்தள்ளும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். எந்த மாணவர் எப்போது இந்தத் தகவலைச் சேர்த்தார் என்ற உண்மை அதோடு போய்விடும்.

எழுத்தாளர் எல்லோரையும் அகரவரிசையில் காட்ட ஒரு பக்கம் வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். மாத்தளைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சோமு, வடிவேலன், கார்த்திகேசு என்று பலரும் ஊர்ப்பெயரை முன்னால் வைத்துக்கொண்டவர்கள். வேர்ட்பிரஸ் வரிசைப்படுத்தினால் அத்தனை பேரும் ‘ம’வின் கீழ் வந்து குவிவார்கள். இதற்கு டெம்ப்ளேட் தேடாதீர்கள். ஒரு சாதாரணப் பக்கம் திறந்து, கா, சோ, வ என்று நீங்களே கையால் பட்டியலிட்டு இணைப்புக் கொடுங்கள். ஒரு மாவட்டத்து எழுத்தாளர் பட்டியலைக் கையால் பேணுவது பெரிய சுமையில்லை.

மூன்றாவது டெம்ப்ளேட் இடத்துக்கு. தோட்டம், கோயில், பாடசாலை மூன்றும் இதிலேயே அடங்கும். இங்கே கட்டாயம் வைக்க வேண்டியது பெயர்களுக்கான இடம். தோட்டங்களுக்கு ஏட்டில் ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்கும், தோட்டத்து மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும், ஊருக்குச் சிங்களப் பெயர் ஒன்று இருக்கும். கனடாவிலோ தமிழ்நாட்டிலோ இருந்துகொண்டு தாத்தா பிறந்த தோட்டத்தைத் தேடும் பேரனுக்குப் பெரும்பாலும் தெரிந்தது மக்கள் வழங்கிய பெயர் மட்டுமே. அதையும் ஓரிடத்தில் எழுதிவைக்காவிட்டால் அவர் எத்தனை தேடினாலும் உங்கள் பக்கம் அவருக்கு அகப்படாது. மூன்று பெயர்களையும் பக்கத்தின் மேலேயே, தலைப்புக்கு அடுத்த வரியில் வையுங்கள்.

பிரதேச செயலகப் பிரிவை ஒரு வகைப்பாடாக அமையுங்கள். மாவட்டத்தில் 11 பிரிவுகள்: மாத்தளை, உக்குவளை, இறத்தோட்டை, யட்டவத்த, பள்ளேபொல, நாவுல, அம்பன்கங்கை கோறளை, லக்கல-பல்லேகம, வில்கமுவ, கலேவெல, தம்புள்ளை. இவற்றை முதலிலேயே சேர்த்துவிட்டுப் பூட்டிவிடுங்கள். ரத்தோட்டை, இறத்தோட்டை, ரத்தோட்ட என்று மூன்று பிரிவுகள் உருவாகாமல் தப்பலாம். ‘வடபாதை’ என்று இன்னொரு வகைப்பாடும் உங்கள் தளத்துக்குப் பொருந்தும். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை எனப்பட்ட காட்டு வழியே நடந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் மலைநாட்டுக்குள் நுழைந்த இடம் மாத்தளை. மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நினைவாக 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12இல் முடிந்ததும் மாத்தளையில்தான். அந்தப் பாதையில் உங்கள் மாவட்டத்துக்குள் வரும் இடங்களுக்கு எல்லாம் இந்த அடையாளத்தைச் சேர்த்தால், தனி டெம்ப்ளேட் எதுவும் இல்லாமலே அந்தப் பாதைக்கென்று ஒரு பக்கம் உருவாகிவிடும்.

கோயில் பக்கங்களில் திருவிழாத் தேதியை டெம்ப்ளேட்டின் ஒரு விவரமாக வைக்க வேண்டாம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனி மாசி மகத்தில் நடக்கிறது, ஆங்கிலத் தேதி ஆண்டுக்காண்டு மாறும். ‘மாசி மகம்’ என்று மட்டும் எழுதினால் பக்கம் பழசாகாது. தேதி எழுதினால், அடுத்த ஆண்டு யாரோ அதை நம்பி வந்து ஏமாறுவார்.

தமிழுக்காகச் செய்ய வேண்டியவை

பெரும்பாலான தீம்கள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. தமிழில் அப்படியே ஓடவிட்டால் சில இடங்களில் உடையும். முதலில் இணைய முகவரியின் வால், அதாவது ஸ்லக்.

தலைப்பைத் தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கும். உள்ளே அது சேமிக்கப்படுவது தமிழாக இல்லை. ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறி, ஆங்கில எழுத்து, எண் கலந்த 9 குறிகளாக மாறுகிறது. மெய், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறி. ‘மாத்தளை’ என்பதில் 7 குறிகள், ஆக 63. ‘முத்துமாரியம்மன்’ என்பதில் 16 குறிகள், ஆக 144. நடுவே சிறு கோடு ஒன்று சேர்த்தால் மொத்தம் 208. வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து ஸ்லக்கை உருவாக்கும்போது 200க்கு மேல் போக விடாது. ஆகவே கடைசிப் புள்ளி வெட்டுப்பட்டு, முகவரி ‘மாத்தளை-முத்துமாரியம்மன’ என்று நிற்கும். இரண்டு சொல் தலைப்புக்கே இந்த நிலை. முழு வாக்கியமாகத் தலைப்பு வைக்கும் மாணவர்களின் பதிவுகள் எல்லாம் நடுச்சொல்லில் அறுபடும். அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் விழுக்காட்டுக் குறிகளின் நீண்ட கயிறாகப் போய்ச் சேரவும் கூடும். ஆகவே ஸ்லக்கை மட்டும் எப்போதும் ஆங்கில எழுத்தில், சுருக்கமாக, நீங்களே எழுதுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். பழைய பாணித் தீமில் ஒரு குறிப்பிட்ட பக்கத்துக்கு டெம்ப்ளேட் கோப்பின் பெயரை ஸ்லக்கோடு சேர்த்து வைப்பதுண்டு, அங்கே தமிழ் ஸ்லக் இன்னும் பெரிய தலைவலி.

அடுத்தது எழுத்துரு. வேர்ட்பிரஸ் 6.5 முதல் எடிட்டரிலேயே எழுத்துருவைப் பதிவேற்றலாம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டும் உடல் எழுத்துக்கு நன்றாக இருக்கும், பல தடிமன்களில் கிடைக்கும். நம் நாட்டவரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த பவனம், கவிவனார் இரண்டும் அழகானவை, இலவசமானவை. ஆனால் அவை ஒரே தடிமனில்தான் கிடைக்கின்றன. தலைப்புக்குத் தடித்த எழுத்து என்று தீம் சொல்லியிருந்தால், உலாவி தானாக அவற்றைப் பருமனாக்கி எழுத்தின் உள்வெளிகளை அடைத்துவிடும். அவற்றைத் தெரிவு செய்தால் தலைப்பின் தடிமனைச் சாதாரணத்துக்கு இறக்கிவிடுங்கள். ஒரு தளத்துக்கு இரண்டு தடிமன் போதும். ஒவ்வொன்றும் வாசகரின் டேட்டாவில் இறங்குகிறது. தோட்டத்து லயத்திலிருந்து ரீலோட் கார்ட் போட்டுப் பார்ப்பவருக்கு அது செலவு.

வரி இடைவெளியை உடல் எழுத்தில் 1.7 அளவுக்கு ஏற்றுங்கள். தலைப்புகளில் பல தீம்கள் 1.1, 1.2 என்றே வைத்திருக்கும். இரண்டு வரித் தலைப்பு வந்தால் மேல்வரியின் ‘ரு’, ‘ழு’ கீழ்வரியின் ‘கி’, ‘லீ’ மேல் இடிக்கும், 1.4 வையுங்கள். எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி சுழியாக இருக்கட்டும். மேற்கோளைச் சாய்வெழுத்தாக்கும் அமைப்பு இருந்தால் நீக்கிவிடுங்கள். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் சாய்வு வடிவம் கிடையாது, உலாவி நேர் எழுத்தைச் சரித்துக் காட்டும், படிக்கவே முடியாது. தலைப்பின் அளவை உங்கள் தளத்திலேயே மிக நீளமான சொல்லை வைத்து, சிறிய கைப்பேசித் திரையில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பட்டியலில் வரும் முன்னோட்டத்தை வேர்ட்பிரஸ் 55 சொற்களில் வெட்டும். ஆங்கிலத்துக்கு அது சரி. விகுதியும் உருபும் ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்களில் 55 என்பது அரைத் திரை. 20, 25 என்று குறையுங்கள்.

மொழியமைப்பில் ‘தமிழ்’ என்பதற்குள் இந்தியா, இலங்கை என்று இரண்டு உண்டு, இலங்கையைத் தெரிவு செய்யுங்கள். பழைய விழா மலர்களிலிருந்தும் கணினியில் கிடக்கும் ஆவணங்களிலிருந்தும் எடுத்து ஒட்டும்போது, அவை பாமினியில் இருந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். பாமினி எழுத்துருவைத் தளத்தில் ஏற்றிச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடுபொறிக்கு அது தமிழே இல்லை. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். மாற்றிய பின் ‘கொ’, ‘கோ’ வரிசை எழுத்துகளைச் சரிபாருங்கள். சில மாற்றிகள் கொம்பையும் காலையும் இரு வேறு குறிகளாக விட்டுவிடும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, தளத்துக்குள் தேடினால் அந்தச் சொல் கிடைக்காது.

தொலையாமல் வைத்திருப்பது

எடிட்டரில் நீங்கள் செய்யும் டெம்ப்ளேட் தீமின் கோப்புக்குள் போவதில்லை. தரவுத்தளத்தில், இப்போதைய தீமின் பெயரோடு கட்டுண்டு சேமிக்கப்படுகிறது. தீமைப் புதுப்பித்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் வேறு தீமுக்கு மாறினால் உங்கள் மூன்று டெம்ப்ளேட்டும் பார்வையிலிருந்து மறையும், பழைய தீமுக்குத் திரும்பினால்தான் திரும்பத் தெரியும். ஆகவே வேலை முடிந்ததும் ‘கிரியேட் பிளாக் தீம்’ என்ற அதிகாரபூர்வ ப்ளகினை நிறுவி, உங்கள் தீமுக்கு ஒரு சைல்ட் தீம் உருவாக்கி, மாற்றங்களை அதற்குள் சேமித்து, ஸிப் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். அந்த ஸிப் உங்கள் வடிவத்தின் பிரதி. பதிவுகளும் படங்களும் அதில் இருக்காது, அவற்றுக்குத் தனியாகப் பேக்கப் எடுக்க வேண்டும்.

பழைய பாணித் தீமிலேயே இருப்பேன் என்றால் சைல்ட் தீம் இல்லாமல் எதையும் தொடாதீர்கள். மூலத் தீமின் கோப்பில் எழுதியது அடுத்த புதுப்பிப்பில் அழியும். சைல்ட் தீம் என்பது ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரு ஸ்டைல் கோப்பு, அதன் தலைக்குறிப்பில் மூலத் தீமின் ஃபோல்டர் பெயர், அவ்வளவே. மூலத் தீமின் பக்கக் கோப்பை அதற்குள் நகலெடுத்து, முதல் வரியில் டெம்ப்ளேட்டுக்கு ஒரு பெயர் எழுதினால், பக்கம் எழுதும் திரையில் அந்தப் பெயர் தெரிவுப் பட்டியலில் வரும்.

ப்ளாகரில் எழுதுகிற மாத்தளை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே தீம் முழுவதும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பு. வகைக்கொரு டெம்ப்ளேட் என்ற வசதி இல்லை. பக்கமா, பதிவா என்று பார்த்துப் பகுதிகளைக் காட்டவோ மறைக்கவோ நிபந்தனை எழுதலாம். எழுதும் முன் தீமை இறக்கிப் பத்திரப்படுத்துங்கள். சிறு தளத்துக்கு இது போதும். உங்களுடையது போல எழுத்தாளரையும் படைப்பையும் இணைக்கும் தளத்துக்குப் போதாது.

கடைசியாக, ஏற்கெனவே உள்ள பழைய பதிவுகள். அத்தனையையும் ஒரே விடுமுறையில் புதிய வடிவத்துக்கு மாற்ற மாணவர்களை உட்கார வைக்காதீர்கள், அவசரத்தில் ஆண்டுகளும் பெயர்களும் பிசகும். ‘தோட்டக்காட்டினிலே’யிலிருந்து தொடங்குங்கள். மூன்று எழுத்தாளரையும் அதோடு இணைத்துப் பாருங்கள். மூன்று எழுத்தாளர் பக்கங்களிலும் அந்த நூல் வந்தால் உங்கள் அமைப்பு சரி. அதன் பிறகு ஒரு மாணவருக்கு ஓர் எழுத்தாளர் என்று பிரித்துக் கொடுங்கள். நூலைக் கையில் வைத்துக்கொண்டு, பதிப்புப் பக்கத்தைப் பார்த்து, ஒவ்வொரு விவரத்தையும் புதிய இடத்தில் நிரப்பட்டும். முகவரி மாறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய ஸ்லக் தமிழில் நீளமாக இருந்தாலும், ஏற்கெனவே பகிரப்பட்ட பக்கமானால் அதை அப்படியே விட்டுவிடலாம். ஆங்கில ஸ்லக் என்ற விதி இனி வரும் பதிவுகளுக்கு.